திருநீறு மஞ்சளாக வந்த படம்

“ஏனுங்க, எங்க மாமியாள இப்படிக் கருக்கிப் போட்டுட்டீங்களே!”

கவுன்ட்டர் கண்ணாடியின் மேல் பிரிண்டைப் போட்டுவிட்டு ஒரு தம்பி சத்தம் போட்டபோது, நான் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு ஸ்டுடியோவில் பல வருடமாக வேலை செய்கிறேன். பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் என் வேலை. படித்தது பத்தாவது வரை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் யாராவது படித்தால் உபயோகப்படட்டும் என்று, அந்தச் சத்தத்துக்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் எழுதி வைக்கிறேன்.

கிருஷ்ண பரமாத்மா

முதலில் நான் வேலை கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

எங்கள் முதலாளி டேவிட் அண்ணன். போட்டோ எடுப்பது அவர் வேலை. கல்யாணம், சர்ச் விசேஷம், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று மலை முழுக்கச் சுற்றுவார். கடையில் ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பட்டன்தான். ஆட்டோ கலர். எந்தப் படம் வந்தாலும் அதை அமுக்குவேன். பத்துக்கு ஆறு படம் நன்றாக வரும். நானும் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நலங்குப் படம் ஒன்று வந்தது. பெண்ணுக்கு முகம், கை, கால் எல்லாம் மஞ்சள் பூசி உட்கார வைத்திருக்கிறார்கள். புடவையும் மஞ்சள். சுற்றிலும் சாமந்திப்பூ. நான் ஆட்டோ கலரை அமுக்கினேன். மஞ்சள் அதிகமாகிவிட்டது என்று மிஷின் தானாகவே முடிவு செய்து, மஞ்சளை எடுத்து நீலத்தைச் சேர்த்துவிட்டது.

டேவிட் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“என்ன காமாட்சி, கல்யாணப் பொண்ணக் கிருஷ்ண பரமாத்மா ஆக்கிட்ட? நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கே தெரியுது. உனக்குத் தெரியலியா?”

சிரித்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். கலர் போட்டோ பேப்பரில் மூன்று சாயம் இருக்கிறது. மூன்றும் ஒரே வேகத்தில் போகாது. வெளிச்சம் படாத அறையில் மாட்டியிருந்தாலும், பெட்டிக்குள் இருந்தாலும், நீலப்பச்சைச் சாயம் பெரும்பாலும் முதலில் போய்விடும். மிச்சம் நிற்பதில் படம் சிவந்து வெளிறிவிடும். எங்கள் மலையில் ஈரம் வேறு. அதனால்தான் பழைய கல்யாணப் படங்களில் எல்லோரும் ரோஸ் பவுடர் கொட்டிய மாதிரி இருக்கிறார்கள்.

அதைச் சரி செய்ய, லெவல்ஸ் என்பதைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக இழுத்துச் சரிப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு, படத்துக்குள் வெள்ளையோ சாம்பலோ இருந்த ஒரு இடத்தைத் தேடி ட்ராப்பர் என்னும் நிறம் பார்க்கும் கருவியால் தொட வேண்டும். அந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிட்டால், கூடுதலாக ஏறியிருந்த நிறம் படம் முழுவதிலும் இறங்கிவிடும்.

“ஒரு வெள்ளையப் புடிச்சிட்டா மிச்சமெல்லாம் தானா வந்துரும்” என்றார் அண்ணன்.

சரிதான். ஆனால் வெள்ளை என்று நாம் பிடிப்பது வெள்ளையாக இருக்க வேண்டும். அது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

தனம் கொண்டுவந்த படம்

போன தை மாதம் கொட்டச்சேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் தனலட்சுமி. தனம் என்று கூப்பிடச் சொன்னாள். கூட அவள் வீட்டுக்காரர் மாணிக்கம். எஸ்டேட்டில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். புது வீடு கட்டிப் பால் காய்ச்சப் போகிறார்கள். நடு அறையில் மாட்ட அவள் அம்மாவின் படம் பெரிதாக வேண்டும்.

“எங்கம்மாவுக்கு இருக்கறது இந்த ஒரே போட்டோதானுங்க்கா. எனக்கு ரெண்டு வயசு முடியறதுக்குள்ளயே போயிட்டாங்க. பத்திரமாப் பாத்துக்குங்க” என்று கவரை இரண்டு கையாலும் கொடுத்தாள்.

கோயில் முன்னால் எடுத்த படம். தனத்துக்கு மொட்டை போட்ட அன்று எடுத்தது. பின்னால் காவியும் வெள்ளையும் பட்டை அடித்த கோயில் சுவர். அப்பா வேட்டியில், நெற்றி நிறையத் திருநீறு. அம்மா இடுப்பில் குழந்தை, சந்தனம் பூசிய தலையைத் தாயின் தோளில் சாய்த்திருக்கிறது. படம் முழுக்கச் சிவந்து கிடந்தது. அம்மா முகம் வெளிறிய ரோஜா இதழ் மாதிரி. புடவை என்ன நிறம் என்றே தெரியவில்லை. பழுப்பாக ஏதோ ஒன்று.

“எங்க மாமியா நல்ல செவப்புங்க. படத்துலயே தெரியுது பாருங்க. அந்தக் களை கெடாமப் பண்ணிக் குடுங்க” என்றார் மாணிக்கம்.

அன்று சாயந்திரமே உட்கார்ந்தேன். வெள்ளை தேடினேன். அப்பாவின் வேட்டி பளிச்சென்று கண்ணில் பட்டது. விசேஷத்துக்கு உடுத்திய வேட்டி, இதைவிட வெள்ளை வேறென்ன என்று அங்கே தொட்டேன். சிவப்பு போய்ப் படம் தெளிந்துவிட்டது. அம்மா முகம் பொன் மாதிரி வந்தது. எனக்கே கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. சின்னதாக ஒரு காப்பி மாணிக்கத்தின் வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

“அக்கா! மகாலட்சுமி மாதிரி இருக்காங்கக்கா எங்க மாமியா. நொம்ப சந்தோசமுங்க!”

மறுநாள் காலையில் கடை திறந்து, விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பிரிண்ட் கொடுக்கும் முன்னால் ஒருமுறை பெரிதாக்கிப் பார்ப்பது வழக்கம். அப்பாவின் நெற்றியைப் பார்த்தேன். திருநீறு மஞ்சளாக இருந்தது.

சந்தனமாக இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. மூன்று விரலால் இழுத்த பட்டை, ஓரம் உதிர்ந்திருக்கிறது. சந்தனம் அப்படி உதிராது. தினமும் இட்டுக்கொள்கிறவளுக்கு அது தெரியாதா? கோயில் சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்புப் பட்டையும் மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது. விபூதியும் சுண்ணாம்பும் ஒரே நேரத்தில் எப்படி மஞ்சளாகும்?

வேட்டியில்தான் கோளாறு என்று அப்போதுதான் பிடிபட்டது. எங்கள் பக்கம் வெள்ளை வேட்டியை நீலம் போடாமல் யார் துவைக்கிறார்கள்? அதுவும் மொட்டை போடுகிற அன்றைக்கு என்றால் ஒரு சொட்டு கூடவே விட்டிருப்பார்கள். நம் கண்ணுக்கு அது பளிச்சென்ற வெள்ளை. ட்ராப்பருக்கு அது லேசான நீலம். அந்த நீலத்தை நான் வெள்ளை என்று சொல்லிக் கொடுத்ததால், மிஷின் படம் முழுவதிலும் நீலத்தைக் குறைத்து மஞ்சளை ஏற்றிவிட்டது. என் வீட்டுக்காரருடைய வேட்டிக்கு வாராவாரம் நீலம் போடுகிறவள் நான். எனக்குத் தோன்றவில்லை.

திரும்ப ஸ்கேன் போட்டேன். முதல்முறை அவசரத்தில் விட்டிருந்த லெவல்ஸையும் ஒவ்வொன்றாக இழுத்து, வெளிறல் போக முதலிலிருந்து செய்தேன். சுண்ணாம்புப் பட்டையில் தொட்டேன். பிறகு எண்களை மட்டும் திருநீற்றின் மேல் வைத்துச் சரிபார்த்தேன். இரண்டும் ஒத்து வந்தன. வேட்டி லேசாக நீலம் காட்டியது. காவிப் பட்டை காவியாக நின்றது. பழுப்பாக இருந்த புடவை பாசிப்பச்சை ஆகிவிட்டது.

அம்மா கறுப்பாக வந்தாள். நல்ல கறுப்பு. கண்ணும் பல்லும் தெளிவாக, திருத்தமான முகம்.

சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று பிரிண்ட் கொடுத்துவிட்டேன். முன்னால் அனுப்பியது தப்பு என்று ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன். அதனால்தான் அந்தச் சத்தம்.

“மிசினு பண்ற வேலையாக்கா?”

“நேத்து அனுப்புனீங்களே, அது யாருங்க? இது யாருங்க? சொந்தக்காரங்க குரூப்புலயே போட்டுட்டனுங்க! எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுப் பதில் போட்டிருக்காங்க. இப்ப இதக் கொண்டு போய் மாட்டுனா என்ன சொல்லுவாங்க?” மாணிக்கம் குரல் ரோடு வரைக்கும் கேட்டது.

டேவிட் அண்ணன் அவரைச் சமாதானம் செய்துவிட்டு என்னிடம் வந்தார். “காமாட்சி, எதுக்கு வம்பு? கல்யாண ஆல்பத்துல உசுரோட இருக்கற ஆளையே செவப்பாக்கிக் குடுக்கறோம். இதுல என்ன? மொத அனுப்புனதையே போட்டுக் குடுத்துரு.”

“அண்ணா, அதுல திருநீறு மஞ்சளா இருக்குதுங்க.”

“திருநீற யாரு பாக்கறாங்க?”

“நான் பாத்துட்டனுங்களே.”

அண்ணன் தலையைச் சொறிந்தார். மாணிக்கம் கோபத்தோடு வண்டியைத் தள்ளி நிறுத்தப் போனார். தனம் மட்டும் கவுன்ட்டரில் இருந்த பிரிண்டை எடுத்துக்கொண்டு உள்ளே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, இது நெசமாலுமே எங்கம்மா நெறந்தானுங்களா? இல்ல மிசினு பண்ற வேலைங்களா?”

“ஏன் கண்ணு அப்படிக் கேக்கற?”

அவள் வெளியே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். “எங்களுக்கு ஊரு மாரமங்கலமுங்க. அம்மா போனப்புறம் அப்பா எஸ்டேட் வேலைக்குன்னு கொட்டச்சேடு வந்துட்டாரு. அம்மா பக்கத்துச் சொந்தமும் விட்டுப் போச்சுங்க. இங்க யாரும் அம்மாவப் பாத்ததில்லீங்க. இந்தப் போட்டோவத்தான் பாத்தாங்க. அப்பாவும் செவப்பு, போட்டோவுல அம்மாவும் செவப்பு, இவ மட்டும் எங்கிருந்து இப்படிக் கறுப்பான்னு பேச்சு. ஆஸ்பத்திரியில மாத்தி எடுத்தாந்துட்டாங்கன்னு வெளையாட்டுக்குச் சொல்லுவாங்க. பெரியவளானப்புறம் அது வெளையாட்டா இல்லீங்க்கா. சண்டை வந்தா அதைத்தான் எடுப்பாங்க. இப்ப எம் புள்ளையவும் கேக்கறாங்க, நீ யாரு ஊட்டு ஜாடைன்னு.”

பிரிண்டை என் மேஜை மேல் வைத்தாள்.

“சாமி ரூம்புல அந்தப் போட்டோவக் கும்பிடறப்பல்லாம் மனசுக்குள்ள ஒரு ஓரத்துல கேட்டுக்குவனுங்க. நீ எங்கம்மாதானான்னு. புது ஊட்டுல மாட்டி, தெனமும் அதையே கேட்டுட்டு நிக்கோணுமான்னு இருந்துச்சு. இதப் பாத்ததும் இதுதான் எங்கம்மான்னு தோணுச்சுங்க. ஆனா பொய்யா இருந்தா வேண்டாமுங்க்கா. மனசு ஆறுறதுக்குன்னு ஒண்ணும் பண்ணிக் குடுத்துறாதீங்க.”

இத்தனை வருடத்தில் எத்தனையோ முகங்களுக்கு நிறம் கொடுத்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்குத் தாய் உண்டா இல்லையா என்பது என் கை மௌஸில் இருக்கும் என்று நினைத்ததில்லை. சுண்ணாம்பும் திருநீறும் ஒத்து வந்தன என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொன்னால், அது கம்ப்யூட்டர் சொல்வது என்றுதான் அவளுக்குப் படும். அவள் கேட்பது அதைவிடப் பெரியது. முருகா, ஒரு வழி காட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, படத்தைத் திறந்து அம்மா முகத்தைப் பெரிதாக்கினேன்.

கழுத்தில் இருந்த கை

பெரிதாக்கியதும் ஒன்று தெரிந்தது. குழந்தை ஒரு கையால் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. முகம் தோளில் புதைந்திருக்கிறது, தலையில் சந்தனம், உடம்பில் துண்டு. குழந்தையில் தோல் தெரிவது அந்த ஒரு கை மட்டும்தான். சின்னக் கை. இத்தனை வருடம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கை எங்கே முடிகிறது, அம்மா கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நிறத்தில் வித்தியாசமே இல்லை. நடுவில் இருந்த மெல்லிய நிழலை வைத்துத்தான் கை என்று கண்டுபிடிக்க முடிந்தது.

“கண்ணு, இங்க வா. இந்தக் கை யாரோடது?”

“என்னோடதுங்க. மொட்டை போட்டன்னைக்கு.”

“செரி. இப்ப பாரு.”

முதலில் அவள் கொண்டுவந்த சிவந்த படத்தை அப்படியே திறந்தேன். அம்மா கழுத்து ரோஸ். குழந்தைக் கையும் ரோஸ். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தைத் திறந்தேன். கழுத்தும் பொன், கையும் பொன். கடைசியாகச் சரி செய்ததைத் திறந்தேன். கழுத்தும் கறுப்பு, கையும் கறுப்பு.

“நான் எந்தக் கலரு வெச்சாலும் படம் முழுசுக்கும் சேந்துதான் மாறும் கண்ணு. அம்மாவுக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணுன்னு நான் தனியா தொடவே இல்ல. போட்டோவுல உங்கம்மா செவப்புன்னா, அதே போட்டோவுல நீயும் செவப்புத்தான். உன் கை என்ன நெறம்னு உனக்குத் தெரியும். அதுதான் அவங்க நெறம்.”

தனம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையை மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னாள். நானும் காட்டினேன். ரோஸ், பொன், கறுப்பு. ரோஸ், பொன், கறுப்பு. மூன்றிலும் அந்தக் கையும் கழுத்தும் பிரியவே இல்லை.

டேவிட் அண்ணன் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து ஒரிஜினல் போட்டோவையே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். “ஏம்மா, நடுவுல கோடே இல்லையே” என்றார். பிறகு, “ட்யூப் லைட்டுல பாக்காதீங்க. வெளிய எடுத்துட்டுப் போங்க” என்றார்.

கடை வாசலுக்குப் போனோம். மேகம் இறங்கி வெளிச்சம் ஒரே சீராக இருந்தது. நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. பிரிண்டை நான் பிடித்துக்கொண்டேன். தனம் வளையலை மேலே தள்ளிவிட்டு, தன் கையை அம்மா கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

மாணிக்கம் வண்டியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். பிரிண்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திரும்பப் பிரிண்டைப் பார்த்தார்.

“ஏன் தனம், அது உன்ன மாதிரியே இருக்குது?”

“எங்கப்பா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாருங்க” என்றாள் அவள், என்னைப் பார்த்து. “நீ அப்படியே உங்கம்மா, நீ அப்படியே உங்கம்மான்னு. நான் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாருன்னு நெனச்சுப்புட்டேன். ஒருநாள் சும்மா இருங்கப்பான்னு எரிஞ்சுகூட விழுந்திருக்கறேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவரு பொய் சொல்லலீங்க்கா.”

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

மாணிக்கம்தான் பேச்சை மாற்றினார். “அக்கா, இதைவிடப் பெரிய சைசு இருக்குதுங்களா? இருக்கறதுலயே பெருசாப் போடுங்க. வாசல்ல நொழையறப்பவே தெரியோணும், யாரு ஊட்டுப் புள்ளைன்னு.”

“அப்ப அந்தக் குரூப்புல போட்டது?” என்று டேவிட் அண்ணன் கேட்டார்.

“அது மிசினு பண்ணுன தப்புன்னு சொல்லிக்கறனுங்க.”

“மிசின் இல்ல தம்பி, நான்தான். என் பேரச் சொல்லிக்குங்க, பரவாயில்ல” என்றேன்.

பால் காய்ச்சிய அன்று

வர வேண்டும் என்று தனம் கட்டாயப்படுத்தியதால், வீட்டுக்காரரோடு கொட்டச்சேடு போயிருந்தேன். காப்பித் தோட்டத்தை ஒட்டின சின்ன வீடு. நடு அறையில் படம். சுவரிலிருந்து அப்பாவின் திருநீறு திருநீறாகவே தெரிந்தது. கும்பிட்டுக்கொண்டேன்.

மாணிக்கத்தின் சொந்தத்தில் ஒரு பெரியம்மா அடிவாரத்திலிருந்து வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எல்லோரும் கேட்கக் கேட்டார்.

“தனம், இது எப்ப எடுத்த போட்டோ சாமி? பொடவ நல்லாருக்குது. ஆமா, பக்கத்துல யாரு? மாணிக்கம் மாதிரித் தெரியலையே?”

“பெரியம்மா! அது எம் மாமனாருங்க!” என்று மாணிக்கம் பாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வீடே சிரித்தது. அம்மாவின் நிறத்தைப் பற்றி வாயெடுக்க வந்த சிலரும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். தனம் எல்லோருக்கும் டம்ளர் நீட்டிக்கொண்டே, “எங்கம்மாங்க, எங்கம்மாங்க” என்று சொல்லிக்கொண்டு போனாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பழைய படம் வந்தால் முதலில் ஆட்டோவை அமுக்காதீர்கள். கொண்டுவந்தவரை உட்கார வைத்து, படத்துக்குள் நிஜமாகவே வெள்ளையாக இருந்தது எது என்று கேளுங்கள். துவைத்த துணியை நம்பாதீர்கள். சுண்ணாம்பு, திருநீறு, சிமென்ட் தரை, அலுமினியப் பாத்திரம் என்று ஏதாவது இருக்கும். ஒன்றில் தொட்டு இன்னொன்றில் சரிபாருங்கள். முகத்தைத் தனியாகத் தொடாதீர்கள். சிவப்பாக்கிக் கொடு என்று கேட்பார்கள். உயிரோடு இருப்பவர் தன் படத்துக்குக் கேட்டால், அது அவர் விருப்பம். போய்விட்டவர்களின் நிறம் நம்முடையது அல்ல. நாம் அதில் ஏறின சாயத்தை மட்டும் இறக்கலாம்.

டேவிட் அண்ணனும் இப்போது பழைய படம் எது வந்தாலும் நேராக என்னிடம் தள்ளிவிடுகிறார். “காமாட்சி, இதுல திருநீறு இருக்குதான்னு பாரு” என்பார். சர்ச் கல்யாணப் படத்துக்கும் அதையேதான் சொல்கிறார்.

நானும் தேடித் தொட்டு, மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்போது, முருகா என்று ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் சேவ் கொடுக்கிறேன்.